நேபாள இடைக்கால அரசு (2007–2008)

நேபாள இடைக்கால அரசு என்பது பத்தாண்டு உள்நாட்டுப் போர் முடிந்தபின், எதிரெதிராக நின்ற தரப்புகள் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டு அமைத்த அரசாகும். அரசியலமைப்பு நிர்ணய சபைக்குத் தேர்தல் நடத்துவது அதன் முதன்மைப் பணியாக இருந்தது.

பின்னணி

1996 பெப்ரவரியில் மாவோயிஸ்டுகள் தொடங்கிய போரில் 13,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2005-இல் மன்னர் ஞானேந்திரா ஆட்சியைத் தம் கையில் எடுத்தார். அதுவரை மாவோயிஸ்டுகளுக்கு எதிராக இருந்த ஏழு கட்சிகள், அவ்வாண்டு நவம்பரில் அவர்களுடன் 12 அம்ச உடன்பாடு கண்டன. 2006 ஏப்ரல் மக்கள் எழுச்சிக்கு மன்னர் பணிந்தார். நவம்பர் 21 அன்று விரிவான அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதிகாரப் பகிர்வும் ஆயுதங்களும்

2007 சனவரியில் அமைந்த 330 உறுப்பினர் கொண்ட இடைக்காலச் சட்டமன்றத்தில் மாவோயிஸ்டுகள் 83 இடங்களைப் பெற்றனர். ஏப்ரலில் கிரிஜா பிரசாத் கொய்ராலாவின் அமைச்சரவையிலும் சேர்ந்தனர். போராளிகள் முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். ஆயுதங்கள் கொள்கலன்களில் பூட்டப்பட்டு ஐ.நா. கண்காணிப்பில் இருந்தன, சாவி மாவோயிஸ்டுகளிடமே இருந்தது. அரசுப் படையும் ஈடான அளவு ஆயுதங்களைப் பூட்டிவைத்தது. இதனால் எத்தரப்பும் தோற்றதாகக் கருத வேண்டியிருக்கவில்லை.

தேர்தல்

தேர்தல் இருமுறை தள்ளிப்போனது. 2007 செப்டம்பரில் அரசிலிருந்து விலகிய மாவோயிஸ்டுகள், குடியரசுக்கும் விகிதாசார இடங்களை 335 ஆக உயர்த்தவும் உடன்பாடு ஏற்பட்டபின் திசம்பரில் திரும்பினர். 2008 ஏப்ரல் 10 தேர்தலில், தேர்ந்தெடுக்கப்படும் 575 இடங்களில் 220-ஐ அவர்கள் வென்றனர். மே 28 அன்று முடியாட்சி ஒழிக்கப்பட்டது. ஆகத்து மாதம் கொய்ராலாவுக்குப் பின் பிரசந்தா பிரதமரானார்.

மதிப்பீடு

ஆயுதம் ஏந்திய இயக்கம் வென்றதைவிட, அது தோற்றபோது நடந்துகொண்ட விதமே சனநாயகமயமாக்கத்தின் உண்மையான சோதனையாகும். 2013 தேர்தலில் மாவோயிஸ்டுகள் மூன்றாமிடத்திற்குச் சரிந்தனர். மோசடி எனக் குற்றஞ்சாட்டினாலும், இறுதியில் சபைக்குள் வந்தனர், போருக்குத் திரும்பவில்லை. 2015 செப்டம்பர் 20 அன்று புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது.

எனினும் இப்பகிர்வுக்கு ஒரு விலை இருந்தது. காணாமற்போனோர் விவரங்களை 60 நாட்களில் வெளியிடுவதாக இருதரப்பும் ஒப்பந்தத்தில் உறுதியளித்தன. அதற்கான ஆணைக்குழு 2015-இல்தான் அமைந்தது. போரிட்ட இரு தரப்பும் அதிகாரத்தில் பங்கு பெற்றதால், விசாரணையை விரைவுபடுத்தும் விருப்பம் எவருக்கும் இருக்கவில்லை. தேர்தல்கள் நடந்தன, காத்திருந்த குடும்பங்களுக்கு விடை கிடைக்கவில்லை.