கைதின் காரணமும் தாய்மொழியும்: சீத்தா கேம்ப்பிலிருந்து ஒரு பார்வை

மும்பைத் தமிழர் வரலாறு என்றால் தாராவியையும் மாட்டுங்காவையும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. டிராம்பே ஓரம் கழிமுகத்தை ஒட்டிக் கிடக்கும் சீத்தா கேம்ப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அது வீடிழந்த கதை மட்டுமன்று. 'எதுக்குய்யா புடிக்கிறீங்க?' என்று போலீசைக் கேட்கும் உரிமை இந்நாட்டில் எப்படிப் பறிபோய், எப்படித் திரும்பி வந்தது என்பதையும் அதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கேம்ப்பில் வளர்ந்தவன் என்ற முறையில் அதை இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

1976 மே மாதம்

கேம்ப்புக்கு முன் எங்கள் பெரியவர்கள் இருந்த இடம் ஜனதா காலனி. நகரின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளை மாநகராட்சியே அங்கு குடிவைத்தது. பின்னர் பக்கத்திலிருந்த பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு நிலம் வேண்டுமென்று காலி செய்யச் சொன்னார்கள். மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றனர். முன்னின்றவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து, 1963-ல் பம்பாய் வந்து, தச்சு வேலை பார்த்தவர். போராட்டத்துக்காகப் பலமுறை கைதானவர். 2000-ல் மக்சேசே விருதும் 2011-ல் பத்மஸ்ரீயும் பெற்று, 2018-ல் மறைந்தார்.

1976 மே 17-ல் காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் சதுப்பு நிலமான சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். அது நெருக்கடி நிலைக் காலம் என்பதை மறந்துவிடக் கூடாது. அரசியல் சட்டத்தின் 21, 22-ஆம் பிரிவுகளைக் காட்டி நீதிமன்றம் செல்லும் உரிமை 1975 சூன் 27 முதலே நிறுத்தப்பட்டிருந்தது. கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பவை அந்த 22-ஆம் பிரிவில் உள்ளவைதாம்.

காலனி இடிபடுவதற்குப் பத்தொன்பது நாள் முன்பு, ஏப்ரல் 28-ல், ஜபல்பூர் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிசாவில் உள்ளே போனவர் ஆட்கொணர்வு மனுவும் போட முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். சென்னையில் 1976 சனவரி 31-ல் ஆட்சி கலைக்கப்பட்டபின் மிசா என்ன செய்தது என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஜனதா காலனிக்காரர் ஒருவரை அப்படிப் பிடித்துப் போயிருந்தால், அவர் வீட்டார் தட்ட ஒரு கதவும் இருந்திருக்காது.

1978-ல் வந்த 44-ஆவது திருத்தம், இனி எந்த நெருக்கடியிலும் 20, 21-ஆம் பிரிவுகளை நிறுத்த முடியாதபடி செய்தது. ஜபல்பூர் தீர்ப்பையே 2017-ல் உச்சநீதிமன்றம் தவறென்று தள்ளியது.

மூன்று மொழிகள்

அடுத்த கட்டம் மும்பையிலேயே தொடங்கியது. பத்திரிகையாளர் ஷீலா பார்சே பம்பாய் மத்தியச் சிறையில் 15 பெண்களைக் கண்டு பேசினார். லாக்கப்பில் அடிபட்டதாக ஐந்து பேர் சொன்னார்கள். அவர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1983-ல் உச்சநீதிமன்றம் ஆணைகள் பிறப்பித்தது. பெண்களுக்குத் தனி லாக்கப், பெண் காவலர், உறவினருக்கும் சட்ட உதவிக் குழுவுக்கும் உடனே தகவல் ஆகியவை அவற்றுள் சில.

கைதானவரின் உரிமைகளை அச்சடித்து ஒவ்வொரு லாக்கப் அறையிலும் ஒட்டவும், அவருக்குப் படித்துக் காட்டவும் சொன்னது அந்தத் தீர்ப்பு. ஆனால் எந்த மொழியில்? மராத்தி, இந்தி, ஆங்கிலம். ஊரிலிருந்து நேரே வந்து, மூட்டை தூக்கிப் பிழைத்த நம்மாளுக்கு இந்த மூன்றில் எது தெரியும்? அறைகுறை பம்பாய் இந்தி தெரியும். அதை வைத்துக் காய்கறி வாங்கலாம். சட்டப்பிரிவு புரிந்துகொள்ள முடியாது. புரியாத காகிதத்தில் கைநாட்டு வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

1996-ல் டி.கே. பாசு வழக்கில் பதினொரு கட்டளைகள் வந்தன. பிடிக்க வருபவர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ தெருப் பெரியவரோ சாட்சியாக ஒப்பமிட வேண்டும். 48 மணி நேரத்துக்கொருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை.

மொழிக்கேள்விக்கு விடை 2025 நவம்பர் 6-ல் கிடைத்தது. வொர்லியில் நடந்த கார் விபத்தையொட்டிய வழக்கில், கைதின் காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. உடனே எழுதித் தர முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தந்துவிட வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்தவருக்குத் தமிழில்தான் தர வேண்டும் என்பதே இதன் பொருள்.

நாம் செய்ய வேண்டியது

2024 சூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. காரணம் சொல்ல வேண்டும் என்பது அதில் 47-ஆம் பிரிவு. உறவினருக்குத் தகவல், 48. விசாரணையின்போது வக்கீலைச் சந்திப்பது, 38. 24 மணி நேர வரம்பு, 58. சூரியன் மறைந்தபின் பெண்ணைக் கைது செய்வதற்கு 43-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. வக்கீல் வைக்கக் காசில்லாதவர் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

சட்டம் இருந்தாலும், கேட்கிறவனுக்குத்தான் கிடைக்கும். போலீசிடம் கத்திச் சண்டை போடுவதால் பயனில்லை. 'காரணத்தை எழுதிக் கொடுங்க, எனக்குத் தமிழ்தான் தெரியும்' என்று நிதானமாகச் சொன்னால் போதும். இந்தப் பிரிவுகளை ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்து, தாராவி முதல் சீத்தா கேம்ப் வரை வீட்டுக்கு வீடு கொடுப்பது பெரிய செலவில்லை. 1983-ல் அச்சாகாத அந்த நான்காம் மொழித் தாளை நம் சங்கங்களே அச்சிட்டுவிடலாம்.