பேர் இல்லாமல் வாழ்ந்த ராஜா

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மீன் பிடிக்கிறதுன்னா எங்களுக்கு ஏரி, மண்புழு, விரால். அவ்ளோதான். ஆனா முள்ளுல இறகும் நூலும் கட்டி, பூச்சி மாதிரி ஆட்டம் காட்டிப் பிடிக்கிற ஃப்ளை ஃபிஷிங்குக்கும் நம்ம பழைய மதராஸ் மாகாணத்துக்கும் தொடர்பு உண்டுங்க.

மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' என்று புத்தகமே போட்டார். அதில் நாயகன் மஹ்சீர். அந்த வகையில் ராஜா, காவிரியிலும் மலைக்காட்டிலிருந்து இறங்கும் அதன் கிளை ஆறுகளிலும் வாழ்ந்த திமில் மஹ்சீர். 1946-ல் கபினியில் வான் இங்கன் பிடித்தது 120 பவுண்டு. அதாவது 54 கிலோ!

கூத்து என்னன்னா, இவ்ளோ பேமஸான மீனுக்கு முறையான அறிவியல் பேர் இல்லை. அமராவதிக்குத் தண்ணி தரும் பாம்பாற்றில் கிடைத்த ஒரு மஹ்சீருக்கு, சென்னை விலங்கியல் ஆய்வாளர் ரேமா தேவியின் பேரில் 2007-ல் 'டோர் ரேமாதேவி' என்று பேர் வைத்தார்கள். ரெண்டும் ஒரே இனம்தான் என்று ஆய்வாளர்கள் காட்டியது 2018-ல்!

பேர்ல என்ன இருக்குன்னு கேக்காதீங்க. பேரில்லாத மீனை ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியலில் சேர்க்க முடியாது. அதுக்குள்ள, மஹ்சீரைப் பெருக்குறோம்னு நல்ல மனசோட காவிரியில் விட்ட வேறு இனக் குஞ்சுகள் இதன் இடத்தைப் பிடிச்சிடுச்சு. அதே 2018-ல் 'அழிவின் விளிம்பில்' என்று முத்திரை விழுந்தது. மோயாறு மாதிரி சில இடங்களில்தான் இப்போ மிச்சம்.

145 வருஷமா எடையை எழுதினோம், பேரை எழுதலை. மக்களே, உங்க ஊர் ஏரி மீன்களோட பேரையாவது எழுதி வைங்க.