நடுநிலைப் பள்ளி மதிப்பீட்டு முறை (தமிழ்நாடு)

தமிழ்நாட்டில் 6, 7, 8ஆம் வகுப்பு மாணவர்களின் கற்றலையும் வகுப்பறை நடத்தையையும் மதிப்பிட்டுப் பெற்றோருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு. 2012–13 கல்வியாண்டில் முப்பருவ முறையுடன் சேர்ந்து வந்த ‘தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு’ இதன் அடிப்படை. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று மூன்று தேர்வுகளையும் ரேங்க் கார்டையும் மட்டுமே நம்பியிருந்த பழைய வழக்கத்துக்கு மாற்றாக இது அமைந்தது.

தொடக்க வரலாறு

சென்னை மாகாணப் பள்ளிகளைப் பற்றிய முதல் விரிவான கணக்கெடுப்புக்கு ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்டார். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய விவரங்களின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் சுமார் 1,88,000 மாணவர்களும் இருந்தனர். பல ஆட்சியர்கள் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ள, பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் 1823இல் எழுதிய அறிக்கை வகுப்பறைக்குள்ளேயே நுழைந்து பார்க்கிறது.

காலையில் முதலில் வந்துசேரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும்; அது அவனுக்கு மரியாதை. இரண்டாவதாக வருபவன் கையில் சுழியம்: பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு வருவோருக்கு ஆளுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். இந்தக் கணக்கில் இருபதாவதாக வந்தவனுக்குப் பதினெட்டு அடி. மாணவர்கள் பெரும்பாலும் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். கீழ்ப்பிரிவுகளைச் சட்டாம்பிள்ளைகள் கவனிக்க, மேற்பிரிவை ஆசிரியர் நேரடியாக நடத்தினார். அவரவர் திறமையையும் முன்னேற்றத்தையும் பார்த்து ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்கு மாற்றினார்கள். ஆண்டுத் தேர்வு இல்லாத இடத்தில் ஃபெயில் ஆவதும் இல்லை.

இதே சட்டாம்பிள்ளை முறையை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றவர் ஆண்ட்ரூ பெல். 1789இல் எழும்பூரில் இருந்த படைவீரர் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற அவர், உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டு இளையவருக்குப் பாடம் சொல்லவைத்தார். மாணவர் செய்த தவறுகள் ஒரு கறுப்புப் புத்தகத்தில் குறிக்கப்பட்டு வாரக் கடைசியில் எல்லார் முன்னிலையிலும் படிக்கப்படும். குற்றம் சாட்டப்பட்டவனின் சொல்லைக் கேட்டபின் சக மாணவர்களே தீர்ப்புச் சொல்வார்கள். பெல் 1797இல் லண்டனில் வெளியிட்ட நூலால் இது ‘மெட்ராஸ் முறை’ என்று பரவியது. திண்ணைப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சேரவேண்டிய புகழின் பெரும்பகுதி அவருக்கே போயிற்று.

மதிப்பெண்ணும் மானியமும்

தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரலாம் என்று 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை வழிகாட்டியது. சென்னை மாகாணம் பின்னர் அதில் ‘தேர்ச்சிக்கேற்ற மானியம்’ என்ற வழியையும் கைக்கொண்டது. ஆய்வாளர் பள்ளிக்கு வந்து மாணவர்களை ஒவ்வொருவராகச் சோதிப்பார். தேறியவர் எண்ணிக்கையைப் பொறுத்து மானியம் கிடைக்கும். பையன் எழுத்துக் கூட்டத் தடுமாறினால் நஷ்டம் வாத்தியாருக்கு. பாடத்தை நெட்டுரு போடவைக்கும் பழக்கம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிற்காலத்தில் எட்டாம் வகுப்பு முடிவில் நடந்த இ.எஸ்.எல்.சி. (தொடக்கப் பள்ளி இறுதிச் சான்றிதழ்) தேர்வு பல குடும்பங்களில் படிப்பின் கடைசிப் படியாக இருந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் சேர அந்தச் சான்றிதழே போதும் என்றிருந்த காலம் உண்டு.

தரநிலை முறை

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது (பிரிவு 16), அடிக்கவோ மனம் நோகச் செய்யவோ கூடாது (பிரிவு 17), தொடர்ந்து மதிப்பிட வேண்டும் (பிரிவு 29) என்றது. அதே ஆண்டு சமச்சீர்க் கல்வி 1, 6ஆம் வகுப்புகளில் தொடங்கியது. அதுவரை மாநில, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ-இந்திய, ஓரியண்டல் பள்ளிகள் தனித்தனிப் பாடத்திட்டத்தில் நடந்துவந்தன.

முப்பருவ முறையில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் 100 மதிப்பெண். அதில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு, 60 பருவ முடிவில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு. வளரறி மதிப்பீடு (அ) செயல்பாடுகளுக்கானது: இலைகளைச் சேகரித்து ஒட்டுதல், மாதிரி செய்தல், நாடகம், கலந்துரையாடல் போன்றவை. (ஆ) சிறுதேர்வுகளுக்கானது. இரண்டிலும் நான்கு முறை வாய்ப்புத் தந்து, சிறந்த இரண்டை மட்டும் பத்துப் பத்து மதிப்பெண்ணாகக் கணக்கில் கொள்வது வழக்கமாயிற்று. காய்ச்சலால் ஒரு தேர்வைத் தவறவிட்ட பிள்ளைக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு முன்பு இருந்ததில்லை.

கூட்டுத்தொகை தரநிலையாக மாற்றப்படும். 91–100 ஏ1, 81–90 ஏ2, பத்துப் பத்தாக இறங்கி 41–50 சி2, 33–40 டி, 21–32 இ1, அதற்கும் கீழே இ2. வாழ்க்கைத் திறன்கள், மனப்பான்மையும் மதிப்புகளும், உடல்நலமும் யோகாவும், கலை ஆகிய கல்வி இணைச் செயல்பாடுகளுக்குத் தனித் தரநிலை உண்டு. ‘ஆல் பாஸ்’ என்று எளிதில் குறைகூறப்படும் இம்முறை உண்மையில் ஆசிரியரின் எழுத்து வேலையைப் பெருக்கியது. மதிப்பீட்டுப் பதிவேடுகள் நிரப்புவதே தனிப் பணியானது.

பெற்றோர்

பெற்றோர் முன்னேற்ற அட்டையில் கையொப்பமிட வேண்டும். அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள்.

இன்றைய நிலை

மையக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தை ஒட்டித் தமிழ்நாடு 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததால் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. 2024 டிசம்பரில் மைய அரசு விதிகளை மாற்றியபோதும் மாநிலம் யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்காத பழைய நிலையிலேயே நின்றது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதையே உறுதிசெய்தது. பள்ளியில் சேராமல் படிப்போருக்காக எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. அதை எழுத 12½ வயது நிறைந்திருக்க வேண்டும்.