வட்ட இருநிறமை நிறமாலையும் டி.என்.ஏ. வடிவமும்: சான்றின் வலிமையும் எல்லையும்

டி.என்.ஏ. கரைசலில் எவ்வடிவில் இருக்கிறது என்பதை ஆராய உதவும் முறைகளுள் வட்ட இருநிறமை நிறமாலையியல் எளியது, விரைவானது, மிகச் சிறிய அளவு மாதிரியே போதுமானது. ஒளியின் மின்புலம் அது செல்லும் திசையை அச்சாகக் கொண்டு இடமாகவோ வலமாகவோ சுழன்று சென்றால் அது வட்ட முனைவுற்ற ஒளி எனப்படும். இவ்விரு ஒளிகளையும் ஒரு பொருள் உட்கவரும் அளவில் உள்ள வேறுபாட்டை அலைநீளவாரியாக அளப்பதே இம்முறை. இவ்வாறு பெறப்படும் நிறமாலை, வடிவம் மாறியது என்பதற்கு உறுதியான சான்றாகும். எனினும் மாறிய வடிவம் எது என்பதற்கு அது தனித்து நிற்கும் சான்றாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அடினின் முதலிய காரங்கள் தட்டையானவை. ஆதலால் தனித்த நிலையில் அவற்றுக்கு இடவல வேறுபாடு இல்லை. சர்க்கரையோடு இணையும்போது மெல்லிய குறிகை தோன்றுகிறது. காரங்கள் சுருளில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி அடுக்கப்படும்போதே, அண்டைக் காரங்களின் மின்னணுக் கிளர்வுகள் ஒன்றோடொன்று பிணைந்து குறிகையை வலுப்படுத்துகின்றன. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவங்களுள் பி-வடிவம் ஏறத்தாழ 275 நானோமீட்டரில் நேர்முகட்டையும் 245-இல் எதிர்முகட்டையும் காட்ட, ஏ-வடிவம் 260-ஐ ஒட்டி வலுவான நேர்முகட்டையும் 210-ஐ ஒட்டி எதிர்முகட்டையும் காட்டுவது, அடுக்கின் அமைப்பு வேறுபடுவதனாலேயே ஆகும்.

குறிகை அண்டைக் காரங்களைச் சார்ந்திருப்பதால், அதில் வரிசையின் சாயலும் படிகிறது. இரட்டைச் சுருளில் அமையக்கூடிய அண்டை இணைகள் பத்து வகைப்படும், ஒரு டி.என்.ஏ.வின் நிறமாலையை இவ்விணைகளின் பங்களிப்புகளின் கூட்டுத்தொகையாகக் கணிக்க முடியும் என்பதே அண்மை இணைக் கொள்கை. ஆயினும், இணைகளின் எண்ணிக்கை ஒத்திருந்து வரிசை மட்டும் வேறுபடும் இரு மூலக்கூறுகளை இக்கொள்கையால் பிரித்தறிய இயலாது. எனவே இம்முறை வரிசையின் பொதுப் போக்கைக் காட்டுமேயன்றி வரிசையைப் படித்துத் தராது.

போல், ஜோவின் என்னும் ஆய்வாளர்கள் 1972-இல் வெளியிட்ட ஆய்வு இம்முறையின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. குவானினும் சைட்டோசினும் மாறி மாறி வரும் செயற்கை டி.என்.ஏ.வின் கரைசலில் சோடியம் குளோரைடின் செறிவு ஏறத்தாழ 2.5 மோலாரைக் கடந்தபோது, அதன் நிறமாலை தலைகீழாகத் திரும்பியது. 290 நானோமீட்டரை ஒட்டி எதிர்முகடு தோன்றியது. வடிவம் மாறியது என்பது அப்போதே ஐயமற நிறுவப்பட்டது. ஆனால் இடச்சுழியான இசட்-வடிவம் 1979-இல் ரிச் குழுவினரின் படிக ஆய்விலேயே வெளிப்பட்டது. கரைசலில் இருந்ததும் அதுவே என்பதை 1981-இல் ராமன் நிறமாலை ஒப்பீடு உறுதிசெய்தது. நிறமாலையை மட்டும் கொண்டு வடிவம் எது என முடிவு செய்யாத இவ்வெச்சரிக்கை தேவையானதே. இனோசினும் சைட்டோசினும் மாறி மாறி வரும் டி.என்.ஏ.வும் நீண்ட அலைநீளப் பகுதியில் இத்தகைய எதிர்முகட்டைக் காட்டினும், அது வலச்சுழியானதே. முகட்டின் குறியைக் கொண்டு சுழற்சியின் திசையைத் தீர்மானிப்பது பிழையாகும்.

மறுபுறம், படிகத்தின் முடிவையும் இம்முறை சோதிக்கிறது. மனிதக் குரோமோசோம் முனைகளில் உள்ள டெலோமியர் வரிசை, நான்கு குவானின்கள் ஒரே தளத்தில் இணைந்து அடுக்காகும் நாற்புரியாக மடிகிறது. பொட்டாசியம் முன்னிலையில் வளர்ந்த படிகத்தில் நான்கு இழைகளும் ஒரே திசையில் செல்வதாக 2002-இல் அறியப்பட்டது. அத்தகைய இணைதிசை நாற்புரி 264 நானோமீட்டரை ஒட்டித் தலையாய முகட்டைத் தர வேண்டும். நீர்த்த பொட்டாசியம் கரைசலிலோ முதன்மை முகடு 290-ஐ ஒட்டியே எழுந்தது. கரைசலில் மேலோங்குவது கலப்புத்திசை வடிவம் என்பதைப் பின்னர் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு ஆய்வுகள் காட்டின.

ஆகவே, அயனிச் செறிவு, வெப்பநிலை, அமிலத்தன்மை ஆகியவற்றைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் நிறமாலையை ஒப்பிட்டு நோக்குவதே இம்முறைக்கு உரிய பயன்பாடு. அணு அளவிலான முடிவுகளைப் பிற முறைகளிடம் பெற்று, அவை கரைசலிலும் பொருந்துகின்றனவா என்று கேட்கும் ஆய்வாளருக்கே இந்நிறமாலை நம்பத்தக்க விடை தரும்.