அன்னமும் பன்றியும் எப்படி உண்மையாயின?

சிவன் கோயில்களில் கருவறையின் பின்சுவரில் லிங்கோத்பவர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். நெருப்புத் தூணுக்குள் சிவன். மேலே ஓர் அன்னம் பறக்கிறது. கீழே ஒரு பன்றி மண்ணைத் தோண்டுகிறது. அன்னம் பிரம்மன், பன்றி திருமால். முடியையும் அடியையும் தேடிப் போய் இருவரும் தோற்ற இடம் திருவண்ணாமலை என்கிறது தலபுராணம்.

தோழர்களே, பக்தர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. நம் அம்மாக்களும் கார்த்திகைக்கு விளக்கேற்றுகிறவர்கள்தான். யாரும் பார்க்காத பறவையையும் பன்றியையும் எழுதியவர்கள் எப்படி நம்ப வைத்தார்கள் என்பதே என் கேள்வி.

முதல் வழி, எழுதியவர் மறைந்துகொள்வது. ஸ்கந்த புராணத்தில் உள்ள அருணாசல மாகாத்மியத்தில் நந்தி சொல்கிறார், மார்க்கண்டேயர் கேட்கிறார். அதை இன்னொருவர் முனிவர்களுக்குச் சொல்கிறார். எழுதிய மனிதரைக் காணோம். யாரிடம் போய் ஆதாரம் கேட்பது?

இரண்டாவது வழி, கண்ணுக்குத் தெரியும் பொருளோடு கதையைக் கட்டிவிடுவது. மலை எதிரே நிற்கிறது. பிரம்மனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூ சிவபூஜைக்கு ஆகாது என்கிறார்கள். அந்தப் பூ பூஜையில் இல்லாததே கதைக்குச் சாட்சியாகிவிடுகிறது.

மூன்றாவது வழி, திரும்பத் திரும்பச் சொல்வது. 7ஆம் நூற்றாண்டின் சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் ஒன்பதாம் பாட்டு மாலும் அயனும் தேடிய கதையைச் சொல்லும். பத்தாம் பாட்டு சமணரையும் பௌத்தரையும் பழிக்கும். கதையைப் பாடிய வாய், யாரை வெறுக்க வேண்டும் என்பதையும் அடுத்த பாட்டிலேயே பாடிவிடுகிறது.

சாதியும் இதே மூன்று வழிகளில்தான் உண்மையாக்கப்பட்டது. புருஷனின் வாயிலிருந்து பிராமணன், காலிலிருந்து சூத்திரன் என்கிறது வேதம். வேதத்தை எழுதிய மனிதன் எவனும் இல்லை என்றார்கள். ஊர், சேரி, தனிக்கிணறு என்று அதைக் கண்ணுக்குத் தெரியும்படி மண்ணில் கட்டினார்கள். ஒவ்வொரு நாளும் வாசலில் நிறுத்தித் திரும்பச் சொன்னார்கள்.

நம் முன்னோடிகள் இதைப் புரிந்துகொண்டு புராணத்தைத் திருப்பி வாசித்தார்கள். ஜோதிராவ் பூலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’யில் மீன், ஆமை, பன்றி அவதாரங்களைப் படையெடுத்து வந்த மனிதத் தலைவர்களின் கதையாக விளக்கினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், கார்த்திகை தீபத்தை ஆமணக்கு எண்ணெய் கண்டுபிடிப்போடு இணைத்து அதற்கொரு பௌத்த வரலாறு சொன்னார். புராணங்கள் பாம்பாக்கிய நாகர்களை, பௌத்தம் பரப்பிய மக்களாக 1956இல் நாகபுரியில் நினைவுகூர்ந்தார் அம்பேத்கர்.

இவர்கள் சொன்னதெல்லாம் நிரூபிக்கப்பட்ட வரலாறா? இல்லை. இவற்றுக்கும் சான்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. கதை மனிதர்கள் உண்டாக்கியது, அதை மனிதர்கள் கேள்வி கேட்கலாம் என்பதே அவர்கள் நமக்குத் தந்த பாடம்.

இது பழங்கதை பற்றிய விவாதம் மட்டுமல்ல. அண்ணாமலையார் பெயரைத் தாங்கிய இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் ஏறத்தாழ 80 ஆண்டுகளாக விடப்படவில்லை. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்ததோ 1947இல். 2023 ஜனவரி 30 அன்றுதான் போலீஸ் பாதுகாப்போடு அவர்கள் உள்ளே போய்ப் பொங்கல் வைத்தார்கள்.

அன்னமாகப் பறந்த பிரம்மனை யாரும் பார்த்ததில்லை. தீட்டையும் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அன்னத்தை நம்பியதால் யாரும் வெளியே நிறுத்தப்படவில்லை; தீட்டை நம்பியதால் மூன்று தலைமுறை வெளியே நின்றது.

அடுத்த முறை தலபுராணம் கேட்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னது யார்? எதைக் காட்டி நம்பச் சொல்கிறார்? நம்பினால் வாசலுக்கு வெளியே நிற்கப்போவது யார்?