செங்கல் சூளை, தாத்தா, மோனோரெயில்: ஒரு கொசுவத்திப் பதிவு

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிக்கிட்டே இருந்த விஷயம் இது. வேலை, ரிலீஸ் டென்ஷன்னு தள்ளிப் போயிக்கிட்டே இருந்தது. போன மாசம் அப்பாவோட நடந்த ஒரு சின்ன வாக்குவாதம்தான் இப்ப உட்கார வெச்சு எழுத வைக்குது. கொசுவத்தியைச் சுத்த ஆரம்பிக்கிறேன். புகை கண்ணுல பட்டா மன்னிச்சுக்குங்க :-)

நான் பொறந்து 12 வயசு வரைக்கும் வளர்ந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல. என்னோட முதல் ஞாபகம் எதுன்னு யாராவது கேட்டா யோசிக்காம ஒண்ணு சொல்லுவேன். ஜாலான் துன் சம்பந்தன் ரோட்டோரத்துல தாத்தா என்னைத் தோள்மேல தூக்கி வெச்சிக்கிட்டு நிக்கிறாரு. தலைக்கு மேல மோனோரெயில் போகுது. நான் கை தட்டுறேன். தாத்தா, "இது ரயிலே இல்லடா. ரெண்டு பெட்டி வெச்ச பொம்மை"ங்கிறாரு. சிரிக்கிறாரு. அவ்வளவுதான் ஞாபகம். ஆனா ரொம்பத் தெளிவா இருக்கும், நேத்து நடந்த மாதிரி.

இதை இப்போதைக்கு ஓரமா வெச்சிட்டு கொஞ்சம் சரித்திரம் பார்ப்போம்.

பிரிக்பீல்ட்ஸ்னா செங்கல் களம். பேரு வந்த கதை 1881-ல ஆரம்பிக்குது. அந்த வருஷம் ஜனவரியில கோலாலம்பூர்ல பெரிய தீ. அப்ப ஊரு முழுக்க மரமும் அத்தாப்பும்தான், பத்திக்கிட்டு எரிஞ்சது. அதே வருஷக் கடைசியில வெள்ளம் வந்து மிச்சத்தையும் அடிச்சிட்டுப் போச்சு. 1882-ல பிரிட்டிஷ் ரெசிடென்டா வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிமே செங்கல்லும் ஓடும் வெச்சுத்தான் கட்டணும்னு உறுதியா நின்னாரு. அவ்வளவு செங்கலுக்கு எங்க போறது? ஊருக்குத் தெக்கே களிமண் இருந்த இடத்துல சூளைகள் வந்துச்சு. சீனக் கபித்தான்கள் யாப் ஆ லோய், யாப் குவான் செங் ரெண்டு பேரு பேரையும் இந்தச் சூளைகளோட சேர்த்துச் சொல்லுவாங்க. ஆக, கோலாலம்பூரை மறுபடி கட்டுன செங்கல் எங்க ஏரியாவுல சுட்டது. இதுல எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, நான் ஒரு செங்கல்கூட தூக்கலைன்னாலும் :-)

1886-ல கோலாலம்பூர்லேர்ந்து கிள்ளான் பக்கம் முதல் ரயில் பாதை வந்தது. சூளைக்குப் பக்கத்துல ரயில் வந்ததும் ஏரியாவோட தலையெழுத்தே மாறிப் போச்சு. ரயிலுக்கு ஆள் வேணுமே. ஆங்கிலம் படிச்ச யாழ்ப்பாணத் தமிழர்களை கிளார்க்காவும் ஸ்டேஷன் மாஸ்டராவும் கொண்டு வந்தாங்க. தண்டவாளம் போடவும் கல் கொட்டவும் தமிழ்நாட்டுலேர்ந்தும் ஆந்திராப் பக்கத்துலேர்ந்தும் கூலிகள். சிங்களவங்களும் வந்தாங்க. வந்தவங்க ஒவ்வொருத்தரும் ஆளுக்கொரு சாமியைக் கூடவே கொண்டு வந்துட்டாங்க. சிங்களவங்க பௌத்த மகா விகாரையைக் கட்டினாங்க, அதோட சங்கம் ஆரம்பிச்சது 1894-ல. யாழ்ப்பாணத்தவங்க ஸ்காட் ரோட்டுல கந்தசாமி கோயில் கட்டினாங்க. விவேகானந்தா ஆசிரமம் 1904. தமிழ் லுத்தரன் சர்ச்சும் இருக்கு, கத்தோலிக்க சர்ச்சும் இருக்கு. தெருப் பேரையே பாருங்களேன்: தம்பிப்பிள்ளை, சான் ஆ தொங், ரொசாரியோ, ஸ்காட். பத்து நிமிஷம் நடந்தா பாதி உலகத்தைப் பார்த்துடலாம்.

எங்க கொள்ளுத்தாத்தா 1930-கள்ல தஞ்சாவூர் பக்கத்துலேர்ந்து நாகப்பட்டினத்துல 'ரஜூலா' கப்பல் ஏறி பினாங்குல இறங்குனவரு. தண்டவாள கேங்க்ல வேலை. தாத்தா இங்கயே பொறந்தவரு, மார்ஷலிங் யார்டுல பாயிண்ட்ஸ்மேன். மார்ஷலிங் யார்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: வடக்கேர்ந்தும் தெக்கேர்ந்தும் துறைமுகத்துலேர்ந்தும் வர்ற சரக்கு வண்டிகளைப் பிரிச்சு, ஒரே பக்கம் போற பெட்டிகளை ஒண்ணாக் கோர்த்து அனுப்புற இடம். எங்க பாஷையில சொன்னா ஒரு பெரிய சார்ட்டிங் அல்காரிதம், கொடியும் லாந்தரும் வெச்சிக்கிட்டு கையால ஓட்டுறது. தப்பான ட்ராக்குல பெட்டியை விட்டா எர்ரர் மெசேஜ் வராது, ஆளோட கால் போயிடும். அப்படிக் கால் போனவங்களை தாத்தாவுக்குத் தெரியும்.

எங்க வீடு ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்ல. ஜாலான் ரொசாரியோ, ஜாலான் சான் ஆ தொங் பக்கம் வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டுன, வெள்ளைக்காரன் காலத்து அரசாங்க வீடுங்க. தாத்தா ரிட்டயர் ஆனதும், அப்பாவும் ரயில்வேயில டெக்னீஷியனா இருந்ததால அவரு பேருக்கு ஒரு வீடு கெடச்சது. முன்னாடி சின்ன அஞ்சடி, பின்னாடி சந்து. சந்துதான் எங்க உலகம். பந்து, பட்டம், சண்டை எல்லாம் அங்கதான்.

ரெண்டு வீடு தள்ளி ஒரு யாழ்ப்பாணத்துத் தாத்தா. ரிட்டயர் ஆன கிளார்க். அவங்க வீட்டுல "கதைக்கிறோம்"ம்பாங்க, எங்க வீட்டுல "பேசுறோம்". பாட்டி சொல்லும், "அவங்க பேனா புடிச்சவங்கடா, நாம மம்பட்டி புடிச்சவங்க"ன்னு. அந்தக் காலத்துல ஒரே ரயில்வேயில இருந்தும் ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் சம்பந்தம் பண்ண மாட்டாங்களாம். ஆனா அந்தத் தாத்தாதான் எனக்கு இங்கிலீஷ் கிராமர் சொல்லிக் கொடுத்தாரு, காசு வாங்காம. விசாக தினத்துக்கு விகாரைக்குப் போயிடுவோம், ஊர்வலம் பார்க்க. தைப்பூசத்துக்குப் பாட்டி பானகம் கலக்கும். சாயங்காலமானா பார்வையற்றோர் சங்கம் பக்கத்துலேர்ந்து வெள்ளைக் கம்போட ஆளுங்க நடந்து வருவாங்க. அவங்க வர்றப்ப சந்துல சைக்கிளைக் குறுக்கே போட்டுட்டுப் போனா எந்த வீட்டு அண்டியா இருந்தாலும் அடி விழும். எவன் புள்ளைன்னு பார்த்து அடிக்கிற வழக்கம் அங்க இல்லை.

1990-கள்ல யார்டை மூடுனாங்க. அந்த 72 ஏக்கர்லதான் கேஎல் சென்ட்ரல் எழும்புச்சு. 2001-ல ஸ்டேஷன் திறந்தாச்சு, 2002-ல ஏர்போர்ட்டுக்கு 28 நிமிஷத்துல போற எக்ஸ்பிரஸ், 2003 ஆகஸ்ட் 31 மோனோரெயில். பாட்டி அடிக்கடி ஒண்ணு சொல்லும்: யார்டு ஓடுன காலத்துல ராத்திரியெல்லாம் பெட்டி மோதுற சத்தத்துலயே தூங்கிப் பழகிட்டாங்களாம். சத்தம் நின்ன பிறகுதான் தூக்கம் வராமப் போச்சாம். பாட்டி சொன்னதைத் தவிர எனக்கு அந்தச் சத்தம் தெரியாது.

கேஎல் சென்ட்ரல் வந்ததும் நிலத்து விலை ஏறுச்சு. சுத்தி டவர், ஹோட்டல், காண்டோ. நான் ஆறாம் ஆண்டு முடிச்ச 2009-ல நாங்க பூச்சோங்குக்கு வீடு மாறிட்டோம். சந்துல இருந்த மத்தவங்களும் கிள்ளான், காஜாங்னு செதறிட்டாங்க. அடுத்த வருஷம், 2010 அக்டோபர் 27, பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் வந்து பிரிக்பீல்ட்ஸை லிட்டில் இந்தியான்னு திறந்து வெச்சாங்க. யானை வெச்ச நீரூற்று, கலர் கலரா வளைவு. 2015-ல மோடி வந்து சாஞ்சி தோரணம் மாதிரி ஒரு வாயிலைத் திறந்தாரு. இதுக்கு நடுவுல ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸை இடிச்சிட்டாங்க. 2014-ல விவேகானந்தா ஆசிரமத்து நிலத்துல உயரமான அடுக்குமாடி வரப் போகுதுன்னு தெரிஞ்சு ஜனங்க கொதிச்சுப் போனாங்க. அதுக்குப் பிறகு 2016-ல அது பாரம்பரியக் கட்டடமா கெஜட் ஆச்சு. ஆசிரமம் நின்னுச்சு, எங்க சந்து போயிடுச்சு.

என்னோட கோபம் இங்கதான். நூறு வருஷமா இந்தியர்கள் குடியிருந்த இடத்துக்கு, அவங்க காலி பண்ணிட்டுப் போற நேரத்துல இந்தியான்னு போர்டு மாட்டுனாங்களே! இதைப் பல வருஷமா எல்லார்கிட்டயும் புலம்பிக்கிட்டு இருந்தேன்.

போன மாசம் அப்பாவோட அங்க வாழையிலைச் சாப்பாடு சாப்பிடப் போனேன். பரிமாறுன தம்பிக்கு என் வயசுதான் இருக்கும். "அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு?"ன்னாரு. "இதே பிரிக்பீல்ட்ஸ்தான்"னேன். "அதில்லண்ணே, சொந்த ஊரு?" எனக்குச் சட்டுனு பதில் வரல. அப்பாதான், "தஞ்சாவூர் பக்கம்னு சொல்லுவாங்க தம்பி, நாங்க யாரும் போனதில்ல"ன்னாரு. அந்தத் தம்பி புதுக்கோட்டை. ரெண்டு வருஷ பெர்மிட், எட்டு பேரு ஒரே ரூம்ல தங்கியிருக்காங்களாம். பாட்டி இருந்திருந்தா, "ஊர்க்காரப் பையன்"னு கொஞ்சம் எளக்காரமாத்தான் சொல்லியிருக்கும். அந்தப் பாட்டியோட மாமனாரும் அப்படி வந்து இறங்குன ஊர்க்காரப் பையன்தானே!

சாப்பிட்டுட்டு நடக்கறப்ப வழக்கமான புலம்பலை ஆரம்பிச்சேன். குவார்ட்டர்ஸை இடிச்சிருக்கவே கூடாது, அது சரித்திரம்னு. அப்பா கொஞ்ச நேரம் பேசாம வந்தாரு. அப்புறம் சொன்னாரு: "நீ அங்க புள்ளையா இருந்த. நான் அங்க அரசாங்கத்து வீட்டுல இருந்தேன். ரிட்டயர் ஆனா எங்க போறதுன்னு பத்து வருஷம் தூங்கல. மழை பெஞ்சா கூரை ஒழுகும், எலி வரும், சொவத்துல ஒரு ஆணி அடிக்க யோசிக்கணும். கப்பல் ஏறி வந்ததுலேர்ந்து நம்ம குடும்பத்துல யாருக்கும் சொந்த வீடு கெடையாது. பூச்சோங் வீட்டுச் சாவியைக் கையில வாங்குனப்ப நான் அழுதேன், தெரியுமா?"

தெரியாது. நான்தான் அன்னைக்கு சந்தை விட்டுட்டு வந்த துக்கத்துல அழுதுக்கிட்டு இருந்தேனே.

சமாளிக்கலாம்னு என் பழைய அஸ்திரத்தை எடுத்தேன். "ஆனா தாத்தா என்னைத் தூக்கி வெச்சு மோனோரெயில் காட்டுனாரே, அதெல்லாம் இங்கதானேப்பா..."

அப்பா நின்னுட்டாரு. "தாத்தாவா? தாத்தா 2002 தீபாவளி முடிஞ்சு ரெண்டு வாரத்துல தவறிட்டாரு. மோனோரெயில் ஓடுனது 2003-ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தேதியை மறுபடி மறுபடி பார்த்தேன். அப்பா சொன்னதுதான் சரி. தாத்தா பார்த்திருந்தா வெறும் தூணைத்தான் பார்த்திருப்பாரு.

"அப்ப என்னைத் தூக்கி வெச்சிருந்தது யாருப்பா?"

"நான்தான். ஓட ஆரம்பிச்ச முதல் வாரம் கூட்டிட்டுப் போனேன். அவரு இருந்திருந்தா ரெண்டு பெட்டிப் பொம்மைன்னுதான் சொல்லியிருப்பாருன்னு நெனப்பு வந்துச்சு. அவரு மாதிரியே சொல்லிக் காட்டுனேன். நீ சிரிச்ச."

அதுக்கு மேல அப்பா ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. ரெண்டு பேரும் காடி நிறுத்துன இடம் வரைக்கும் நடந்தோம். மேல மோனோரெயில் போச்சு.

இருபது வருஷமா என் முதல் ஞாபகத்துல அப்பாவுக்கு இடமே இல்லாம இருந்திருக்கு. அவரோட தோள்ல உட்கார்ந்துக்கிட்டே தாத்தான்னு எழுதி வெச்சிருக்கேன். ப்ரோக்ராம்ல இப்படி ஒரு தப்பு இருந்தா அரை மணி நேரத்துல லாக் பார்த்துக் கண்டுபிடிச்சிருப்பேன். வீட்டுக் கதையில யாருகிட்டயும் தேதி கேக்கத் தோணல.

இப்ப என் ஆபீஸ் கேஎல் சென்ட்ரல்ல ஒரு டவர்ல, 19-வது மாடி. தாத்தா லாந்தர் புடிச்சு நின்ன யார்டுக்கு நேர் மேலன்னு சொல்லலாம். குவார்ட்டர்ஸ் இடிச்சது சரின்னு இப்பவும் நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டு வீட்டையாவது விட்டு வெச்சிருக்கலாம். ஆனா அங்க இருந்து போனவங்க எல்லாரையும் துரத்திட்டாங்கன்னு சொல்றதை நிறுத்திட்டேன். எங்க அப்பா ஒருத்தராவது விரும்பித்தான் போனாரு.

அடுத்த வாரம் அப்பாவை ஆபீஸுக்குக் கூட்டிட்டு வந்து ஜன்னல்லேர்ந்து காட்டச் சொல்லியிருக்கேன், எந்த ட்ராக் எங்க இருந்துச்சுன்னு. நோட்டுப் புத்தகம் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். உங்க வீட்டுலயும் பெரியவங்க இருந்தா சீக்கிரம் கேட்டுடுங்க. தேதியையும் சேர்த்துக் கேளுங்க.