லெய்டன்ல பார்த்த தக்கோலம்

2025 மார்ச்ல தக்கோலத்துல இருக்கற மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படைப் பயிற்சி மையத்துக்கு ராஜாதித்த சோழன்னு பேர் வச்சாங்க இல்லையா, அப்ப நெமிலி டீக்கடையில ஒரு பெரியவர் கேட்டார்: "ராஜராஜன் தெரியும், ராஜேந்திரன் தெரியும். இவரு யாருப்பா?"

சிரிக்காதீங்க. எனக்கே ரொம்ப வருஷம் தெரியாது. நெமிலியில வளர்ந்தவனுக்குத் தக்கோலம்னா சம்பந்தர் பாடின திருவூறல், ஜலநாதீசுவரர் கோயில், குருபெயர்ச்சிக் கூட்டம். அவ்வளவுதான். அங்க என்ன நடந்ததுன்னு எனக்கு உறைச்சது நெதர்லாந்துல!

ராணிப்பேட்டையில ஒரு ஷூ கம்பெனியில வேலை எனக்கு. 2012ல ஆர்டர் விஷயமா அந்த ஊருக்கு அனுப்பினாங்க. வேலை முடிஞ்சு ஒரு நாள் மிச்சம். கூட வந்தவங்க ஆம்ஸ்டர்டாம் சுத்தப் போனாங்க. நான் முன்னாடியே மெயில் போட்டு அனுமதி வாங்கி வச்சிருந்ததால லெய்டன் பல்கலைக்கழக நூலகத்துக்கு ரயில் ஏறிட்டேன்.

ஆனைமங்கலம் செப்பேடு. 21 ஏடு, ஒரு பெரிய வளையத்துல கோத்து, புலியும் ரெண்டு மீனும் வில்லுமா ராஜேந்திர சோழனோட முத்திரை. எடை சுமார் 30 கிலோ. நாகப்பட்டினத்துல ஸ்ரீவிஜய அரசன் கட்டின சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் கொடுத்த ஊர் ஆனைமங்கலம். நான் பார்க்கப் போனதும் அந்தக் கதைக்காகத்தான்.

மொழிபெயர்ப்பைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போயிருந்தேன். முதல் 5 ஏடு சமஸ்கிருதம், சோழர் வம்ச வரலாறு. அதுல வர்றார் ராஜாதித்தர், முதலாம் பராந்தகனோட மூத்த பிள்ளை. கிருஷ்ணராஜனோட படையை நடுங்க வச்சுட்டு, யானை மேல உட்கார்ந்தபடியே நெஞ்சுல அம்பு பாஞ்சு வீர சொர்க்கம் போனாராம். அட, இது நம்ம தக்கோலம் போராச்சே! கி.பி. 949. எங்க வீட்டுலேர்ந்து பைக்ல போற தூரம்.

ஊர்ப் பேரைச் சொல்லி எழுதி வச்சது ஜெயிச்ச தரப்பு. கர்நாடகாவுல கிடைச்ச ஆதகூர் கல்வெட்டு, தக்கோலத்துல ராஜாதித்தரைக் கொன்னது கங்க அரசன் பூதுகன்னு சொல்லுது. பன்றியோட சண்டை போட்டுச் செத்த காளின்னு ஒரு வேட்டை நாய்க்கு எடுத்த நடுகல் அது. நாயோட கல்லுலதான் நம்ம ஊர் சரித்திரம்!

தோல்வி சின்னது இல்லை. 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' கன்னரதேவன் கையில சுமார் 20 வருஷம் தொண்டை மண்டலம் இருந்தது. 959ல அவன் முகாம் போட்டிருந்தது நம்ம மேல்பாடியில. அதே மேல்பாடியில பின்னால ராஜராஜன், ராஜாதித்தரோட தம்பியும் தன் தாத்தாவுமான அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படைக் கோயில் கட்டினான். இழந்த மண்ணுல எழுப்பின கோயில்னு நினைச்சுக்கிட்டுப் போய்ப் பாருங்க, வேற மாதிரி தெரியும்.

எனக்குப் பிடிச்சது இதுதான்: கடல் தாண்டிப் படை அனுப்பின ராஜேந்திரன், தன் வம்சப் பெருமையைச் செம்புல வெட்டறப்ப அந்தச் சாவை விட்டுடல. செத்தவரையும் வரிசையில நிறுத்தியிருக்கான். நாம ஜெயிச்சவங்க பேரை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டோம்.

பெரியவருக்கு இத்தனையும் சொன்னேன். டீ ஆறிப்போச்சு. கடைசியில கேட்டார்: "அவரு யானை விழுந்த இடம் எதுப்பா?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. பெங்களூர் அருங்காட்சியகத்துல அந்த ஆதகூர் கல் இருக்கு. அந்தப் பக்கம் போற நண்பர்கள் ஒரு படம் எடுத்து அனுப்பினா, பெரியவர்கிட்ட அதையாவது காட்டுவேன்.